திறந்து போட்ட கேட்

எங்கள் குரானா வட்டாரத்தில் ஆட்டுப் பண்ணைக்காரர்கள் மன்னிக்காத குற்றம் ஒன்றுதான்: வழியில் திறந்த கேட்டை, ஆடுகள் வெளியே ஓடிவிடும்படி, மூடாமல் போவது. அடுத்தவன் மனைவியோடு ஓடிப்போனவனைக்கூடக் கொஞ்ச நாள் கழித்து டீ குடிக்கக் கூப்பிடுவோம். கேட்டை மூடாதவனைக் கூப்பிட மாட்டோம். ‘கேட்டை மூடவும்’ என்று வட்டாரம் முழுக்கப் பலகை மாட்டியவன் நான். விவசாயக் கண்காட்சிக் குழுத் தலைவர் என்ற முறையில் என் பெயரையும் கீழே போடச் சொன்னேன். சின்னதாகப் போதும் என்றேன். பெயின்ட் அடித்தவன்தான் கொஞ்சம் பெரிதாகப் போட்டுவிட்டான்.

ஆகவே, சார்ஜன்ட் கீனன், என் மகள் ஹெட்டியின் நிலத்துக் கேட்டைத் திறந்து போட்டது நான்தான் என்று சொல்ல எனக்கு எவ்வளவு கூச்சமாக இருக்கிறது என்பதை நீங்கள் புரிந்துகொள்வீர்கள்.

எங்கள் வீட்டில் பியானோ இருக்கிறது. சிட்னியிலிருந்து மாட்டு வண்டியில் வந்தது. பாதிக் கட்டைகளைக் கறையான் தின்றுவிட்டது, இருந்தாலும் பியானோ பியானோதான். அதன் முன்னால் உட்கார வேண்டியவள், அண்ணனுடைய கால்சட்டையை மாட்டிக்கொண்டு ஆட்டு ரோமம் கத்தரிக்கிற கொட்டகையில் நின்றாள். மிஸ்டர் லோவெல் பெண் கேட்டு வந்தார். மனைவியை இழந்தவர், வயது ஐம்பதைத் தாண்டியவர், ஆனால் ஆற்றங்கரை முழுக்க அவருடையது. வறட்சிக் காலத்தில் ஆற்றங்கரை வைத்திருக்கிறவருக்கு வயது கிடையாது.

“அவரோட ஆத்து மேல ஆசைன்னா நீங்களே கட்டிக்கோங்கப்பா,” என்றாள், அவர் முகத்துக்கு நேராகவே. லோவெலின் மீசையிலேயே டீ தங்கிவிட்டது.

அதோடு விட்டாளா? அரசாங்கத்திடம் தன் பெயரில் ஒரு துண்டு நிலம் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். கல்யாணமாகாத பெண்ணுக்கும் கொடுக்கிறார்களாம். அங்கேயே குடியிருக்க வேண்டும். விட்டுவிட்டு வந்தால் நிலம் போய்விடும். ஒரு தகரக் குடிசை, ஒரு மழைநீர்த் தொட்டி, ஒரு குதிரை. குட்டை வற்றியதும் ஆடுகளை வெளியூர் மேய்ச்சலுக்கு அனுப்பிவிட்டு, மழைக்காகத் தனியாக உட்கார்ந்திருந்தாள். போய்ப் பேசிப் பார்த்தேன்.

“வீட்டுக்கு வா ஹெட்டி. உங்கம்மா சரியா சாப்பிடறதே இல்ல.”

“அம்மாவை இங்க அனுப்புங்க. நான் சாப்பிட வைக்கிறேன்.”

“ஊரே சிரிக்குது.”

“சிரிக்கட்டும்ப்பா. இந்த வறட்சியில அவங்களுக்கும் வேற என்ன இருக்கு?”

நியாயமான மனிதன் மகளோடு சண்டை போட மாட்டான். சூழ்நிலையைத்தான் மாற்றுவான்.

தூரத்து வேலியைச் சரிசெய்ய அவள் நடந்து போன நேரம் பார்த்து, குதிரை வண்டியில் போனேன். தொட்டிக் குழாயைத் திறந்துவிட்டேன். கடைசிச் சொட்டு வடியும்வரை பக்கத்திலேயே இருந்தேன். எந்த வேலையையும் பாதியில் விட்டு எனக்குப் பழக்கமில்லை. பிறகு அவள் குதிரையை அவிழ்த்து வெளியே விரட்டினேன். எங்கள் லாயத்தில் பிறந்தது. வீட்டு வழி அதற்குத் தெரியும். ஹெட்டிக்கும் தெரியும். கேட்டிலிருந்து இடப்பக்கம் திரும்பினால் சாயங்காலத்துக்குள் எங்கள் வீடு. வலப்பக்கம் போனால் ரயில் பாதை. வெகு தூரம், நடுவில் குடிக்க ஒன்றுமில்லை. புழுதியில் என் வண்டித் தடம் தெளிவாக விழுந்திருந்தது. அவளுக்கு வழி காட்டட்டும் என்று அழிக்காமல் விட்டேன். கேட்டையும் அப்படியே விட்டேன், குதிரை தானாக ஓடியது போலத் தெரியட்டும் என்று.

மத்தியானம் குதிரை வந்து சேர்ந்தது. என் மனைவி ஆக்னஸ் லாயத்திலிருந்து ஓடி வந்தாள்.

“ஏங்க, குதிரை மட்டும் வந்திருக்கு. அவ எங்க?”

“பின்னாடியே நடந்து வருவா. நடக்கட்டும், கொஞ்சம் புத்தி வரும்.”

சாப்பாட்டு மேஜையில் ஹெட்டிக்கும் தட்டு வைக்கச் சொன்னேன். மறுநாளும் வைக்கச் சொன்னேன். ஆக்னஸ் தட்டு வைக்காமல் குதிரைக்குச் சேணம் பூட்டப் போனாள். லாயத்தைப் பூட்டிச் சாவியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். நாமே போய் அழைத்தால் அவள் ஜெயித்ததாகிவிடும் அல்லவா? அன்றைக்குக் குழுக் கூட்டம் வேறு. தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துவது பற்றி நான் பேசியதை எல்லோரும் பாராட்டினார்கள்.

ரயில் பாதைக்குப் போகிற வழியில், ஒரு மரத்தடியில் அவள் உடலைக் கண்டெடுத்தீர்கள். கேட்டுக்கு வெளியே என் வண்டித் தடத்தின் அருகில் அவள் காலடிகள் கொஞ்ச நேரம் நின்றதையும், பிறகு வலப்பக்கம் திரும்பியதையும் காட்டினீர்கள்.

“உங்க தடத்தைப் பார்த்த பிறகும் ஏன் அந்தப் பக்கம் போனா, மிஸ்டர் டன்ஸ்டன்?” என்று கேட்டீர்கள். வெயிலில் மூளை கலங்கினால் இடது வலது தெரியாது, சார்ஜன்ட். பாவம், அவள் வீட்டுக்குத்தான் கிளம்பியிருப்பாள்.

குழாயைத் திறந்தது நான், குதிரையை விரட்டியது நான், லாயத்தைப் பூட்டியதும் நான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நான் திறந்து போட்ட அந்தக் கேட்டை நீங்கள் போனபோது பார்த்தீர்கள் அல்லவா? உள்ளே காப்பாற்ற ஓர் ஆடுகூடக் கிடையாது. நாக்கு வறண்டு கிளம்பியவள், அதை இழுத்து மூடி, சங்கிலியையும் மாட்டிவிட்டுப் போயிருக்கிறாள். என் பேச்சை அவள் ஒரு நாளும் கேட்டதில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.