மாலை போட்ட போட்டோ

என் குறிப்பேட்டில் வியாழக்கிழமை, மாலை 5.52, கோரேகாவிலிருந்து மாஹிம் வரும் லோக்கல் ரயில் என்று இருக்கிறது. எதிர் சீட்டில் தாராவிக்காரர்கள் இருவர்; சீரியல்களில் கூட்டத்தோடு நின்று நடிப்பவர்கள். மூத்தவர் சொன்னார்:

"என்னையத்தான் செவுத்துல மாட்டி மாலை போட்டுட்டானுவளே. இனி அந்த சீரியல்ல நான் எப்படி நடந்து வர முடியும்?"

"கதையில செத்துப்போன அப்பாவுக்கு உங்க போட்டோவா? உசிரோட இருக்கவுக போட்டோவுக்கு மாலை போடலாமா? ஏன் அண்ணாச்சி குடுத்தீங்க?"

"வாஷில இருக்க எம்மக தெனமும் அந்த சீரியலப் பாக்கான்னு கேள்விப்பட்டேன். எங்கிட்ட பேசி ஆறு வருசம் ஆச்சு. பாத்தா பதறிப்போயி போன் போடுவான்னு நெனச்சேன்."

"போட்டாளா?"

"நேத்து புது நம்பர்ல ஒரு போன் வந்துச்சு. நான் 'அலோ'ன்னேன். கட் ஆயிட்டு."

"ராங் நம்பரா இருக்கும்."

"ராங் நம்பர்னா யாருன்னாவது கேக்கும்லா. என் கொரலக் கேட்டதும் வச்சிட்டா."

"அப்ப திருப்பிப் போட வேண்டியதுதான?"

"எடுக்கது அவளா இல்லாம போச்சுன்னா?"

மாஹிம் வந்தபோதும் போன் அவர் கையிலேயே இருந்தது.

அழைத்தது மகள்தானா என்பது உறுதி செய்யப்படாத தகவல். அப்படியே குறித்து வைத்திருக்கிறேன்.