பதினொன்று ஐம்பத்திரண்டு

குளிர்த் தண்ணீரிலிருந்து ஏறி வருகிறவர்களுக்குத் தேநீரைக் கொதிக்கக் கொதிக்கக் கொடுக்கக் கூடாது. விறைத்த வாய்க்குச் சூடு தெரியாது, நாக்கு வெந்துவிடும். இஞ்சி தட்டிப் போட்டு, சீனி கொஞ்சம் கூடுதலாகப் போட்டு, இளஞ்சூட்டில் கொடுக்க வேண்டும். பதினொரு வருடமாக எங்கள் சங்கத்துக்குத் தேநீர் கொண்டுபோனவன் நான்தான். அன்றைக்கும் கொண்டுபோனேன்.

தங்கச்சி, நான் சொல்வதை இந்தப் பொலிஸ் அதிகாரிக்கு அப்படியே மொழிபெயர்த்துச் சொல்லுங்கள். மெருகு பூச வேண்டாம். என் வழக்கறிஞர் எழுதி வைத்திருக்கிற தாளில் ‘அறுபத்து மூன்று வயது, பார்வைக் குறைவு, மனக் குழப்பம்’ என்று இருக்கிறதாம். அதற்குத் தலையாட்டினால் இன்றைக்கே வீட்டுக்குப் போகலாமாம். நல்ல மனுஷன், பாவம். ஆனால் அதில் வயது மட்டும்தான் சரி. மற்ற இரண்டையும் வெட்டச் சொல்லுங்கள்.

என் பெயர் கிறிஸ்துராஜா. மன்னாரில் சிலிண்டர் கட்டிச் சங்கு குளித்தவன். இங்கே லண்டனில், ஹவுன்ஸ்லோவில் இருந்துகொண்டு இருபத்தாறு வருடம் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கினேன். எங்கள் பங்குக் கோயில் பெடியன்களைச் சேர்த்துச் சுழியோடிகள் சங்கம் தொடங்கினதும் நான்தான். ஹீத்ரோ விமான நிலையத்துக்கு அங்கால் சல்லிக்கல் அள்ளிய பள்ளமொன்று தண்ணீர் நின்று ஏரியாகிக் கிடக்கிறது. பன்னிரண்டு மீற்றர் ஆழத்தில், சுழியோடிகள் பார்க்கவென்றே தாழ்த்தி வைத்த ஒரு பழைய வான் வண்டி. மாசியில் தண்ணீர் ஐந்து பாகை. அதில் இறங்க நெஞ்சு வேண்டும்.

ஜெரோசனுக்குத் தண்ணீருக்குள் மூச்சு விடக் கற்றுக் கொடுத்தவன் நான். நீச்சல் தடாகத்தில் என் கையை விடமாட்டேன் என்று நடுங்கினவன். பிறகு வகுப்புகளுக்குப் போய், தகுதி அட்டைகள் எடுத்து, பயிற்சியாளனாகவே ஆகிவிட்டான். சும்மா சொல்லக் கூடாது, நல்ல பெடியன். அவன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. இதை எழுதிவிட்டாரா என்று கேளுங்கள்.

போன ஐப்பசியில், எல்லாரும் டொக்டரிடம் காட்டிச் சான்றிதழ் கொண்டுவர வேண்டும் என்றான். என் இதயத் துடிப்பு ஒழுங்கில்லை என்று சொல்லிவிட்டார்கள். அதைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். பங்கு மண்டபத்தில் எல்லாருக்கும் முன்னால் சொன்னான்.

“அங்கிள், இனி நீங்கள் தண்ணிக்கை இறங்கேலாது. கரையைப் பாருங்கோ. உங்களை விட்டா எங்களுக்கு வேற ஆர்?”

மஞ்சள் மேற்சட்டை ஒன்று, விசில் ஒன்று, தாள் செருகிய மட்டை ஒன்று என் கையில் தந்தான். எல்லாரும் கைதட்டினார்கள். கைதட்டினதையும் எழுதச் சொல்லுங்கள்.

வேலை இதுதான். இறங்கிய நேரம், ஏற வேண்டிய நேரம், ஏறிய நேரம் மூன்றையும் பெயருக்கு நேரே குறிக்க வேண்டும். ஐந்து நிமிடம் பிந்தினால் விசில் ஊத வேண்டும், மற்றவர்கள் இறங்கித் தேடுவார்கள். முதல் நாள் நான் ஒன்றும் எழுதவில்லை. எனக்கு எதற்குத் தாள்? குமிழியைப் பார்த்தால் போதும். பெரிதாக, விட்டு விட்டு வந்தால் ஆள் நிம்மதியாக இருக்கிறான். சின்னச் சின்னதாக அடுத்தடுத்து வந்தால் பயந்துவிட்டான். ஒரே இடத்தில் வந்துகொண்டிருந்தால் அவனால் நகர முடியவில்லை. இதையெல்லாம் ஜெரோசனுக்கு விளங்கப்படுத்தினேன். சிரித்தான்.

“குமிழியைப் பாத்தாக் காணாது அங்கிள். நேரத்தை எழுதோணும். நிமிசம் பிசகாம.”

அன்று சனிக்கிழமை. சங்கத்துப் பெடியன்கள் றொஜனும் றஜீவும் முதலில் இறங்கி ஏறி, கார் நிறுத்துமிடத்தில் உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஜெரோசனும் ஜதுர்ஷிகாவும் பத்து ஐம்பதுக்கு இறங்கினார்கள். ஏற வேண்டியது பதினொன்று இருபத்தைந்துக்கு. பதினொன்று இருபதுக்கு ஜதுர்ஷிகா தனியாக ஏறி வந்தாள். குளிரில் அவளுடைய மூச்சுக் கருவி உறைந்து காற்று தானாகக் கொட்டத் தொடங்கிவிட்டதாம். ஜெரோசன் அவளை, பிடித்து ஏறுகிற கயிறு வரைக்கும் கொண்டுவந்து மேலே அனுப்பிவிட்டு, வானுக்குள் கட்டிய வழிநூலைச் சுற்றி எடுக்கத் திரும்பிப் போய்விட்டான். தனியாக ஒருவரும் போகக் கூடாது என்று சட்டம் போட்டவனே தனியாகப் போனான்.

அந்தப் பிள்ளை தண்ணீருக்கு முதுகு காட்டி உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தாள். நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வான் கிடக்கிற இடத்துக்கு மேலே, ஒரே இடத்தில் குமிழி வந்தது. பிறகு சின்னச் சின்னதாக, அடுத்தடுத்து வந்தது. நூல் அவனுடைய சிலிண்டரில் சிக்கிவிட்டது, கை விறைத்துக் கத்தியையும் விட்டுவிட்டான் என்று நீங்கள் பிறகு கண்டுபிடித்தீர்கள். சிக்கிவிட்டான் என்பது எனக்கு அப்போதே தெரியும்.

“அங்கிள், ஜெரோசன் அண்ணா ஏறிற்றாரோ?” என்று கேட்டாள்.

“ஓம் பிள்ளை, அங்காலைக் கரையாலை ஏறினவன். கன்ரீனுக்குப் போயிட்டான். நீ முதல் இதைக் குடி.”

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் சங்கத்தில் வயதுக்கு மூத்தவன் ஒன்றைச் சொன்னால், தாளைக் காட்டு என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். றொஜன் வந்து கேட்டபோதும் அதையே சொன்னேன். சரி அங்கிள் என்று போய்விட்டான்.

கொல்ல நினைத்தேன் என்று எழுதாதீர்கள். கொஞ்சம் பயப்படட்டும் என்றுதான் இருந்தேன். ஐந்து நிமிடம் என்று நினைத்தேன். பிறகு இன்னும் ஐந்து. ஜதுர்ஷிகாவுக்கு இரண்டாவது கோப்பையும் ஊற்றிக் கொடுத்தேன். விசில் என் கழுத்தில்தான் கிடந்தது. என் சுழியோடும் உடுப்பு என் வாகனத்தில், இருபது அடி தள்ளி இருந்தது. நீங்கள் ஏன் இறங்கவில்லை என்று இந்த அதிகாரி நேற்றுக் கேட்டார். எப்படி இறங்குவது? எனக்குத்தான் தடை. டொக்டர் தாள் இருக்கிறது, மண்டபத்தில் கைதட்டின அத்தனை பேரும் சாட்சி. என்னைக் கரையில் இருக்கச் சொன்னார்கள், இருந்தேன்.

செத்தவீட்டில் அவனுடைய மனைவி பெனிற்றா என் இரண்டு கையையும் பிடித்து அழுதாள்.

“நீங்களாவது கடைசிவரைக்கும் பக்கத்திலை இருந்தனீங்கள் அங்கிள்.”

ஓம் என்றேன். அது பொய் இல்லை. எனக்கும் அழுகை வந்தது, அதுவும் பொய் இல்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அவன் மணிக்கட்டில் கட்டியிருந்த கருவியில், சிலிண்டர் வெறுமையான நேரம் பதினொன்று ஐம்பத்திரண்டு என்று பதிவாகியிருக்கிறது. என் தாளில் ‘ஏறிய நேரம்’ என்ற கட்டத்திலும் பதினொன்று ஐம்பத்திரண்டு. கிழவன் பிறகு குத்துமதிப்பாக எழுதினது தற்செயலாகப் பொருந்திவிட்டது என்கிறார் என் வழக்கறிஞர். குத்துமதிப்பாம். எனக்கு உண்மையாகவே பற்றிக்கொண்டு வருகிறது தங்கச்சி.

நான் இருபத்தேழு நிமிடம் அந்த இடத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. குமிழிகள் குறைந்தன. நடுவில் நின்று, திரும்பவும் வந்தன. கடைசியில் ஒன்று தனியாக வந்தது. அதற்குப் பிறகு தண்ணீர் அசையவில்லை. மணிக்கூட்டைப் பார்த்தேன், எழுதினேன். அந்தத் தாளை எடுத்து எழுத்தைப் பாருங்கள். கை நடுங்கியிருக்கிறதா? பார்வைக் குறைவு உள்ளவன் நாற்பது அடி தூரத்தில் கடைசிக் குமிழியைப் பிடிப்பானா?

நேரத்தை எழுதோணும், நிமிசம் பிசகாம என்றான். பிசகாமல் எழுதியிருக்கிறேன். ஜெரோசன் இருந்து பார்த்திருந்தால் அவனே ஒத்துக்கொண்டிருப்பான்.