நீங்களே ஓட்டிப் பாருங்க

எனக்குப் பேரம் பேச வராது, ஐயா. காய்கறிக்காரரிடம்கூடச் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வருகிற ஆள் நான். என் மனைவிக்கு அதில் தீராத வருத்தம். ஆனால் ஒருத்தன் என் காதில் பூச்சுற்றப் பார்க்கிறான் என்று தோன்றிவிட்டால் மட்டும் விடமாட்டேன். தொழில் அப்படி. விபத்தான வண்டிகளை இன்சூரன்ஸுக்காகச் சோதித்து, எது நிஜச் சேதம், எது கட்டிய கதை என்று பிரிப்பது என் வேலை. இதுவரை என் கண் ஏமாந்ததில்லை.

சத்தம் கேட்கிறதென்று விட்டிருந்த என் காரின் முன்சக்கரத்துக்குப் புது பால் ஜாயின்ட் போட்டதாக மெக்கானிக் பில் நீட்டினார். நமக்குத் தோள்மூட்டு எப்படியோ, சக்கரத்துக்கு அது அப்படி. கழற்றிய பழசைக் கேட்டு வாங்கி அசைத்துப் பார்த்தேன். கெட்டியாகத்தான் இருந்தது.

"இதுல என்னய்யா கோளாறு?"

"கையில ஆட்டினா தெரியாது சார். பாரம் ஏறி, வேகமும் சேர்ந்தா பிடுங்கிக்கும்."

"பில்லை ஏத்த இப்படி ஒரு கதையா?"

பட்டறையில் ஆட்கள் நின்றிருந்தார்கள். அவர் கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "கதைன்னா பழசையே கொண்டுபோய் மாட்டிக்குங்க சார். கூலி வேணா நான் தர்றேன்."

அத்தனை பேரும் சிரித்தார்கள். பில்லைக் கட்டிவிட்டு, பழசைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தேன்.

"போனது போகட்டும், விடுங்களேன். அந்த மனுஷன்கிட்ட எதுக்கு மல்லுக்கு நிக்கிறீங்க?" என்றாள் மனைவி.

நான் மல்லுக்கு நிற்கவில்லை. அவர் சொன்னதைத்தான் செய்தேன். விடுமுறை நாளில் ஜாக்கி போட்டுக் காரைத் தூக்கி, பழசையே மாட்டினேன். புதியதைத் துடைத்து, துணியில் சுற்றி அலமாரியில் வைத்தேன். காசு கொடுத்து வாங்கியதைத் தூக்கிப்போட மனசு வருமா? அங்கேதான் அது உங்கள் கையில் சிக்கியது.

மறுநாள் காரை உருட்டாத குறையாக ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனேன்.

"இன்னும் சத்தம் கேக்குது."

"கேக்காதே சார். மேல ஏத்திப் பார்த்துடலாம்."

"ஏத்தினா தெரியாது. மேம்பாலத்துல விரட்டினாத்தான் கேக்குது. நீங்களே ஓட்டிப் பாருங்க. உங்க வேலை மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?"

அவர் முகம் கறுத்தது. சாவியை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். "ஏறி உக்காருங்க சார். உங்க காதாலயே கேட்டுட்டு வாங்க."

"எனக்கு ஒரு போன் பேசணும்" என்றேன். யாரிடமும் பேசவேண்டியிருக்கவில்லை.

மேம்பாலத்து வளைவில் சக்கரம் மடங்கிக்கொண்டது. தடுப்பை உடைத்துக்கொண்டு கார் கீழே போனது.

நொறுங்கிய காரில் பழைய ஜாயின்ட் இருந்ததைப் பார்த்தவர்கள், புதுசுக்குக் காசு வாங்கிக்கொண்டு பழசையே விட்டுவிட்டான், கடைசியில் அது அவன் தலையிலேயே விடிந்தது என்று பேசிக்கொண்டார்கள். அவர் மனைவி என் வீடு தேடி வந்தாள்.

"அவரு அப்படி ஏமாத்துற ஆளு இல்லீங்க. நீங்க தொழில் தெரிஞ்சவங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா எல்லாரும் நம்புவாங்க."

குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். "கண்ணால பார்த்ததைத்தானேம்மா நான் சொல்ல முடியும்" என்று பக்குவமாகச் சொல்லி அனுப்பினேன்.

நீங்கள் கொலை என்கிறீர்கள். கொஞ்சம் நிதானமாக யோசியுங்கள், ஐயா. அந்த ஜாயின்ட் கெட்டுவிட்டது என்று அவர் சொன்னது பொய்யாக இருந்திருந்தால், ஒரு கீறல்கூட இல்லாமல் திரும்பி வந்திருப்பார். அந்த வழியை நான் அவருக்குத் திறந்துதான் வைத்திருந்தேன்.

அவர் நிஜத்தைச் சொன்னவராகப் போய்விட்டார். அதற்கு நான் எப்படிப் பொறுப்பாக முடியும்?