வலது பக்கத்து பிரேக்

விமானத்தின் சக்கரம் தரையைத் தொட எட்டு விநாடி இருந்தபோது என் மனைவி என்னை வாயை மூடச் சொன்னாள். அதில் எனக்கு வருத்தமில்லை, சார். வீட்டிலும் அப்படித்தான்.

நான் சொன்னதெல்லாம், "மெதுவா, மெதுவா. மெக்கானிக் நான் சொல்றதக் கொஞ்சம் கேளு" என்பதுதான்.

"உங்க வேலை கீழ. இங்க நான். சும்மா வாங்க." ஓடுபாதையிலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை.

பத்தொன்பது வருடமாக அவள் கார் ஓட்டும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்து வந்தவன் நான். கால்விரிப்பில் ஓட்டை விழுந்ததுதான் மிச்சம். வண்டி ஒரு நாளும் நின்றதில்லை.

அன்றும் வலது கால் தானாகப் போனது. தரையைத் தொட்டதும் விமானம் வலப்பக்கம் வெடுக்கென்று திரும்பிப் புல்தரையில் ஒரு வட்டமடித்தது. இடது இறக்கை ஒடிந்தது. காற்றின் திசை காட்டும் துணிப்பை கம்பத்தோடு எங்கள் மேல் சாய்ந்தது. எங்களுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அந்த அளவுக்கு நான் யோசித்துத்தான் வைத்திருந்தேன்.

குறுக்குக் காற்றைக் கவனிக்காமல் கோட்டை விட்டது தான்தான் என்று அவளே உங்களுக்கு எழுதிக் கொடுத்தாள். லைசென்ஸையும் மேசைமேல் வைத்தாள். நான் அவள் தோளைத் தட்டிக் கொடுத்தேன். இனி அவளுக்கு வானத்தில் ஆபத்து இல்லை. ஒரு கணவன் வேறென்ன கேட்பான்?

ஐந்து வாரமாயிற்று. இப்போது நான் கார் ஓட்டுகிறேன், பக்கத்தில் அவள்.

"ஏங்க, லாரி வருது பாருங்க. சிக்னல் கண்ணுக்குத் தெரியுதா இல்லையா? உங்களுக்கெல்லாம் யாரு லைசென்ஸ் குடுத்தா?"

அவள் காலும் மிதிக்கிறது. நேற்று கடைத்தெருவுக்குப் போய்த் திரும்புவதற்குள் நாற்பத்தோரு முறை. எண்ணினேன்.

ஆகவே நாளைய விசாரணையில் அவள் லைசென்ஸை ரத்து செய்துவிடாதீர்கள். சீக்கிரம் பறக்க விடுங்கள். தப்பு என் காலுடையது. பழக்க தோஷம் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்பதும் நியாயம்தான். அந்த விமானத்தில் வலது இருக்கைக்கு பிரேக்கே கிடையாதே, எதை மிதித்தாய் என்கிறீர்கள்.

முந்தின நாள் மதியம் நான்தான் பொருத்தினேன், சார். வலது சக்கரத்துக்கு மட்டும். அவளுடைய பாதுகாப்புக்காக.