அப்பாவுக்கு மட்டும்

தேநீர் ஆறுகிறது, கர்னல். முதலில் அதைக் குடியுங்கள். என் கையால் உருப்படியாக நடக்கிற காரியங்கள் இந்த வீட்டில் இரண்டுதான். ஒன்று தேநீர், இன்னொன்று வந்த கடிதங்களைக் கூடத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பது. மற்றதெல்லாம் என் தங்கை லவினியாவுக்குப் போய்விட்டது. முகம் அவளுக்கு, குரல் அவளுக்கு, கடைசியில் மாப்பிள்ளையும் அவளுக்கு. எனக்கு வந்தது பெக்வித் குடும்பத்து மூக்கு. இந்த ரப்பஹானக் ஆற்றங்கரையில் அதைக் கட்டிக்கொள்ள ஒருவரும் முன்வரவில்லை. அவர்களைக் குறை சொல்லமாட்டேன். நானே கண்ணாடியைச் சற்றுத் தள்ளித்தான் மாட்டியிருக்கிறேன்.

நீங்கள் கடிதங்களைப் பற்றிக் கேட்டீர்கள். ஒளிக்க என்னிடம் எதுவுமில்லை. ஒளித்ததெல்லாம் அந்த மேசையின் கீழறையில் தேதிவாரியாக அடுக்கியிருக்கிறது. நீலநாடா கட்டியிருப்பது லவினியா எழுதியது. சிவப்புநாடா, நான் லவினியாவாக எழுதியது. சிவப்புதான் தடிமன்.

ரூஃபஸ் கேடனைக் கட்டிக்கொண்டு அவள் மலைதாண்டிக் கெண்டக்கிக்குப் போனது உங்களுக்குத் தெரியும். கல்யாணத்தில் நீங்கள் ஆடினீர்கள். அதற்கடுத்த வருஷம் அப்பாவின் கண்ணில் பூ விழுந்தது. முதலில் எழுத்து மங்கியது, பிறகு முகங்கள், அப்புறம் ஜன்னல் எது சுவர் எது என்பதே தெரியாமல் போயிற்று. அவருடைய கர்வம்தான் உங்களுக்குத் தெரியுமே.

"பெக்வித் குருடனாயிட்டான்னு ஒருத்தன் வாயிலயும் வரக் கூடாது" என்றார். "வின்னிக்கும் எழுதாத. பாவம், அங்க உக்காந்து அழுவா." லவினியா அவருக்கு எப்போதும் வின்னிதான்.

ஞாயிற்றுக்கிழமை விருந்து முடிந்து அக்கம்பக்கத்தார் கூடத்தில் உட்காரும்போது அவர் கடிதத்தைக் கையில் வாங்கி, புரட்டி, "எனக்குத் தொண்டை கட்டியிருக்கு, நீ படிம்மா" என்று என்னிடம் நீட்டுவார். வருஷக்கணக்கில் தொண்டை கட்டியிருந்தது. ஒருவரும் சந்தேகப்படவில்லை. ஒரு தடவை தலைகீழாகப் பிடித்திருந்தார். அப்போதும் பக்கத்து வீட்டு மிஸஸ் ப்ரௌட்ஃபிட் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நம்மிடையே உள்ள வழக்கம் உங்களுக்கும் தெரிந்ததுதானே. வீட்டுக் கடிதம் என்றால் அது ஊருக்கும் சேர்த்து எழுதுவது. அதில் யாரும் அழமாட்டார்கள், அது மரியாதையல்ல. சொல்ல வேண்டிய சங்கடத்தைத் தனியாக ஒரு சிறு தாளில் எழுதி உள்ளே மடித்துவைப்பார்கள். இன்னாருக்கு மட்டும் என்று அதன்மேல் இருக்கும். பெரிய தாளைக் கூடத்தில் படித்துவிட்டு உள்தாளை உரியவரிடம் நீட்டிவிட வேண்டும். பிரித்துப் பார்ப்பது பிறர் படுக்கையறைக் கதவைத் திறப்பதற்குச் சமம் என்று எங்கள் அம்மா சொல்வாள்.

லவினியாவின் ஐந்தாவது கடிதத்தில் அப்படியொரு தாள் என் மடியில் விழுந்தது. "அப்பாவுக்கு மட்டும்." அப்பாவிடம் கொடுத்தால் என்ன செய்வார்? என்னைத்தான் படிக்கச் சொல்வார். ஆகவே கொடுக்காமலே படித்தேன். ஒரு கை மாறுவது மிச்சம்.

ரூஃபஸ் குடித்துவிட்டு அடிக்கிறான் என்று எழுதியிருந்தாள். இடது காது கேட்கவில்லை. அவள் மகள் பாட்சிக்கு அப்போது மூன்று வயது, அவளையும் ஒரு தடவை படிக்கட்டில் தள்ளியிருக்கிறான். "நானாகக் கிளம்பினால் ஓடிப்போனவள் என்று துரத்திப் பிடிப்பார். நீங்கள் வரச்சொல்லி உங்கள் கையெழுத்தோடு ஒரு வரி எழுதினால் அவரால் மறுக்க முடியாது, மாமனார் சொல்லை மீறியவன் என்று இங்கே யாரும் அவரைச் சேர்க்கமாட்டார்கள். வண்டி அனுப்புங்கள் அப்பா. ஒரே ஒரு வரி போதும்."

உள்தாள் எதுவும் வரவில்லை என்று நான் பொய் சொல்லவில்லை. அப்பா கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த வாரத்துப் பெரிய தாள் படுமோசம். மழை, பசு, மறுபடி மழை. கூடத்தில் பன்னிரண்டு பேர் காத்திருந்தார்கள். அப்பா காதைத் தீட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்திருந்தார். அந்த முகத்தில் போய் எப்படிப் பசுவைக் கட்டுவது? ஒரு சின்ன விருந்தைச் சேர்த்தேன். அதில் ஒரு வயலின்காரனை உட்காரவைத்தேன். குழந்தை பாட்சி ரூஃபஸின் பூட்ஸை மாட்டிக்கொண்டு ஆடினாள் என்றேன். அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"அடி உர்சுலா, உன் வாயால கேட்டா பூசணிக்காய்கூடப் புல்லாங்குழல் வாசிக்குதுடி" என்றாள் மிஸஸ் ப்ரௌட்ஃபிட்.

முப்பத்தாறு வயதில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவளுக்கு அவல் கிடைத்தது. அதன்பிறகு மென்றுகொண்டேதான் இருந்தேன்.

ஆனால் நல்ல எழுத்துக்கு ஒரு கெட்ட பலன் உண்டு. நான் ஆடவைத்த பாட்சியைப் பார்க்க அப்பாவுக்கு ஆசை வந்துவிட்டது. ஒருநாள் காலையில் என்னைக் கூப்பிட்டு, "பேனாவ எடும்மா" என்றார். "வின்னியும் குழந்தையும் உடனே கிளம்பி வரணும்னு எழுது. நம்ம வண்டியே வரும்னு எழுது. ரூஃபஸ் முரண்டு பிடிச்சா, கிழவன் நானே வந்து கூட்டிட்டு வருவேன்னு எழுது."

பாருங்கள் கர்னல், அவள் கேட்டதும் அதே, அவர் சொன்னதும் அதே. நடுவில் இருந்தது நான் ஒருத்தி.

எழுதினேன். பேனா கீறுகிற சத்தம் அவருக்குக் கேட்க வேண்டும் அல்லவா. "மகளே, உன் இடம் உன் கணவன் வீடு. உன் முறையீடுகள் எனக்கு வெட்கத்தைத் தருகின்றன. அழைப்பில்லாமல் இந்த வாசலுக்கு வராதே." பிறகு அவர் கையைப் பிடித்துத் தாளின் அடியில் வைத்தேன். பழைய பெரிய கையெழுத்து, வால் சுழித்து, ஒரு பிசகில்லாமல் விழுந்தது.

"நல்லா வற்புறுத்தி எழுதினியா?"

"ரொம்ப அழுத்தமா எழுதியிருக்கேன்பா."

ஏன் என்கிறீர்கள். அவள் மீது எனக்குக் கோபம் என்று நினைக்காதீர்கள். சின்ன வயதில் அவளுக்குத் தலை பின்னிவிட்டதே நான்தான். ஆனால் அவள் இங்கே இருந்த இருபது வருஷமும் அப்பா என்னைக் கூப்பிட்டதெல்லாம் "வின்னி எங்க?" என்று கேட்கத்தான். அவள் போன பிறகுதான் நான் வீட்டில் இருப்பதே அவருக்குத் தெரிந்தது. அதுவும் கண் போன பிறகு. அவள் திரும்பி வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தால், மறுநாளே அவளைத்தான் படிக்கச் சொல்வார். நான் திரும்பவும் தேநீர் மட்டும் போட வேண்டும். கேட்க அற்பமாக இருக்கிறது, எனக்கும் அப்படித்தான். பெரிய காரணம் ஒன்றைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

அப்பா பதிலுக்குக் காத்திருந்தார். குழந்தைக்குச் சளி, மலைப்பாதை சரியில்லை, அடுத்த வசந்தத்தில் நிச்சயம் என்று படித்தேன். அடுத்த வசந்தத்தில் ஆற்றில் வெள்ளம் வரவைத்தேன். நிஜமான உள்தாள்கள் வரவர ஒடுங்கிக்கொண்டே போயின. கடைசித் தாளில் ஒரே வரி. "அப்பா, நான் என்ன தப்பு செய்தேன் என்று மட்டுமாவது சொல்லுங்கள்."

அவள் எழுதியதிலேயே அதுதான் சிறந்தது. அத்தனை கடிதங்கள் எழுதிய எனக்கு அப்படியொரு வரி வாய்க்கவில்லை. கொஞ்சம் பொறாமைகூடப் பட்டேன்.

அதற்கு அடுத்து வந்தது ரூஃபஸின் கடிதம். முத்திரை கறுப்பு அரக்கு. சாவுச் சேதிக்குத்தான் கறுப்பு என்பது இந்த வீட்டில் நாய்க்கும் தெரியும். தட்டில் வைத்துக் கொண்டுவந்தவள் எங்கள் வீட்டு அடிமைப்பெண் ஃபிபி. படிக்கத் தெரியாதவள், ஆனால் கண் இருந்தது. அப்பா எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

"அம்மா," என்றாள் தணிந்த குரலில், "இது கறுப்பாச்சே. நம்ம வின்னியம்மாவுக்கு..."

"போய் அடுப்பப் பாரு, ஃபிபி."

"என்னம்மா, வின்னியா?" என்று கேட்டார் அப்பா.

"வின்னிதான்பா" என்று சொல்லி முத்திரையை உடைத்தேன். காய்ச்சல், மூன்று நாள், புதைத்தாகிவிட்டது என்று நாலு வரி இருந்தது. நான் ஆப்பிள் மரங்கள் பூத்திருப்பதைப் படித்தேன். நீளமாகவே படித்தேன். அடுத்த வாரம் ஃபிபியை மலைப்பக்கத்து நிலத்துக்கு அனுப்பிவிட்டேன். அவளுக்கு இங்கே இரண்டு பிள்ளைகள். வண்டி வளைவு தாண்டும்வரை அவள் கத்தியது கேட்டது. அப்பா யாரென்று கேட்டார். பன்றி அறுக்கிறார்கள் என்றேன். அடிமையை வைத்திருப்பதில் இதெல்லாம் சகஜம் என்று நீங்களே முன்பு என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள், அதனால் இதற்காக என்னைக் கேட்கமாட்டீர்கள்.

அதன்பிறகு இரண்டு வருஷம் நாங்கள் மூவரும் சுகமாக இருந்தோம். லவினியா பியானோ வாங்கினாள். ரூஃபஸ் குடியை விட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா எல்லோருக்கும் கேட்கும்படி, "இப்பல்லாம் வின்னி எவ்வளவு நல்லா எழுதறா பாத்தீங்களா" என்றார். எனக்கு முகம் சிவந்துவிட்டது. எழுத்தாளருக்கு அந்த மாதிரி வாசகர் அமைவது அபூர்வம்.

போன பிப்ரவரியில் அவர் படுத்தபோது நினைவு முன்னும் பின்னுமாக இருந்தது. "வின்னி வந்துட்டாளா?" என்றார். குரலை மெல்லியதாக்கிக்கொண்டு, "வந்துட்டேன்பா" என்றேன். குரல் அச்சு அசலாக இருந்தது, பல வருஷப் பழக்கம். கையை நீட்டி என் முகத்தைத் தடவினார். நெற்றி, புருவம், அப்புறம் மூக்கு. மூக்கில் வந்ததும் கை நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார். மறுநாள் மத்தியானம்வரை உயிர் இருந்தது. பேச்சு இல்லை. களைப்பாக இருந்திருக்கும்.

இப்போது நீங்கள் மேசைமேல் வைத்திருக்கிற அந்தத் தாளுக்கு வருகிறேன். கெண்டக்கிக்குப் போன இடத்தில் நீங்கள் கேடன் வீட்டுக்கும் போனீர்கள் என்பது எனக்குத் தெரியாது. ஆமாம், ஓரத்தில் சிவப்பு மையில் இருப்பது என் கையெழுத்துதான்.

ஏப்ரலில் வந்தது. பாட்சிக்கு ஒன்பது வயது. தாத்தா பெயருக்கு எழுதியிருந்தாள், அவர் போனது அவளுக்குத் தெரியாது. உங்களுக்குப் படித்துக் காட்ட வேண்டாம், பார்த்திருப்பீர்கள். "தாத்தா, எங்கம்மா செத்துப்போயிட்டாங்க. அப்பா புது அம்மா கொண்டாந்துட்டார். நான் சமையல்கட்டுல படுக்கறேன். இருமல் நிக்கல. என்னைக் கூட்டிட்டுப் போங்க. நான் நிறையச் சாப்பிட மாட்டேன்."

நல்ல குடும்பங்களில் குழந்தை எழுதிய கடிதத்தைப் பெரியவர்கள் திருத்தித் திருப்பி அனுப்புவதுண்டு. குறைகளை ஓரத்தில் குறித்து, சுத்தமாகப் பிரதியெடுத்து அனுப்பு என்பார்கள். அது முறையாக வந்த பிறகுதான் அதற்குப் பதில். நீங்களும் உங்கள் பிள்ளைகளுக்குச் செய்ததுதானே. இதிலும் குறைகள் இருந்தன. தேதி இல்லை. மரியாதையான தொடக்கம் இல்லை. தாத்தாவின் உடல்நலத்தை ஓரிடத்திலாவது விசாரிக்கவில்லை. எடுத்த எடுப்பில் சாவு, அடுத்த வரியில் கோரிக்கை. அம்மா இல்லாத பிள்ளையை இப்படியே விட்டுவிட்டால் நாளைக்கு யார் மதிப்பார்கள்? ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து பொறுமையாகத் திருத்தினேன். கீழே, "உன் பிரதியை ஆவலோடு எதிர்பார்க்கிறேன்" என்றும் எழுதித் திருப்பி அனுப்பினேன். அதைப் பொய் என்று சொல்லாதீர்கள். தபால் வரும் நாட்களில் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவும் போன பிறகு இந்த வீட்டுக்குக் கடிதம் எழுத அவளை விட்டால் யாருமில்லை.

நாலு பிரதி எடுத்திருக்கிறாள் என்கிறீர்கள். அவள் உயிர்விட்ட வைக்கோல் மெத்தைக்கு அடியில் கிடைத்ததா? காட்டுங்கள். ஆமாம், தேதி போட்டிருக்கிறாள். தாத்தாவின் உடல்நலத்தை முதல் வரியிலேயே கேட்டிருக்கிறாள், நாலிலும். நாலிலும் மை சிந்தியிருக்கிறது, காய்ச்சலில் கை நடுங்கியிருக்கும். அதனால்தான் அனுப்பாமல் வைத்திருக்கிறாள், ரோஷக்காரி. நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரி இல்லை, கர்னல். ஐந்தாவது மட்டும் சுத்தமாக வந்திருந்தால், சத்தியமாக வண்டி அனுப்பியிருப்பேன்.