சுண்டெலியின் முதல் எட்டு

முட்டியில் அடிபட்டவர்களுக்கு ஒரு வசதி, தெருவில் உள்ள எல்லோரும் டாக்டராகிவிடுவார்கள். எனக்கு ஜவ்வு கிழிந்தபோது பால்காரர்கூட இரண்டு வைத்தியம் சொன்னார். உண்மையான டாக்டரிடம் கடைசியாகத்தான் போனேன்.

கிழிந்ததற்குப் பதிலாக வேறொரு தசைநாரை எடுத்துப் பொருத்த வேண்டும். அவர் துணிக்கடைக்காரர் மாதிரி ஒவ்வொன்றாக விரித்துக் காட்டினார். முட்டிச் சில்லுக்குக் கீழிருந்து எடுத்தால் மண்டியிடும்போது வலிக்கும். தொடையின் பின்பக்கம் எடுத்தால் முதல் எட்டில் வேகம் குறையலாம். இறந்தவருடையது இளம் ஆட்டக்காரர்களுக்குச் சீக்கிரம் அறுந்துவிடுமாம்.

"உங்களுக்கு உங்க முட்டியில இருந்து எடுக்கறதுதான் நல்லது. சில பேருக்கு வீட்ல யாராவது தொடையில இருந்து கொடுப்பாங்க. அம்மாவோடதே தாராளமா போதும்."

அதைக் கேட்க அறையில் நான் மட்டும்தான் இருந்தேன்.

வீட்டில் அம்மா, "என் கால்ல எடுத்துக்கோடி, நான் என்ன பந்தயத்துக்கா ஓடப் போறேன்?" என்றாள். வயதானவர்களுடையது ஒட்டாதாம் என்று சொல்லிவிட்டேன். பிறகு எல்லோரும் தங்கையைப் பார்த்தோம்.

அவளைச் சுண்டெலி என்போம். நான் கட்டிலில் கிடந்தபோது கால்பந்து கிளப்பில் என் இடத்தில் இறங்கியவள் அவள்தான். பந்து கிளம்புமுன் அவள் கிளம்பிவிடுவாள். ஆட்டத்துக்கு ஆட்டம் கோல். பயிற்சியாளர் எனக்குப் போன் செய்து, "நீ நிதானமா வாம்மா, அவசரமேயில்ல," என்றார். அவ்வளவு அன்பாக அவர் என்னிடம் பேசியதேயில்லை.

"வலிக்குமாக்கா?"

"எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்."

"அப்புறம் ஓடலாம்ல?"

"ஓடலாம்னுதான்டி சொன்னார்."

அது பொய்யில்லை. எவ்வளவு வேகமாக என்று அவள் கேட்கவில்லை.

டாக்டருக்குக் கொஞ்சம் தயக்கம் இருந்தது. மருத்துவ மாநாட்டில் காட்ட அக்காவும் தங்கையும் சேர்ந்து நிற்கும் படம் கிடைக்கும் என்றதும் அது தீர்ந்தது. யாராவது வற்புறுத்தினார்களா என்று முறைப்படி கேட்டார். "அக்காவுக்குத்தானே சார்," என்றாள் அவள்.

கிளப் தலைவர் பாராட்டுக் கூட்டம் போட்டார். தியாகத்தைப் பற்றி நாத்தழுதழுக்கப் பேசி, தியாகி யார் என்பதை மறந்து, கேடயத்தை என் கையில் கொடுத்துவிட்டார். பிறகு திருத்திக்கொண்டார்.

இப்போது பந்து கிளம்பிய பிறகுதான் சுண்டெலி கிளம்புகிறாள். வேறு யாருக்கும் அது ஒரு குறையே இல்லை. முன்வரிசை ஆட்டக்காரிக்கோ அந்த முதல் எட்டுதான் எல்லாம். கிளப் அலுவலகத்தில் டிக்கெட் கிழிக்கிறாள்.

டாக்டர் போகிற போக்கில் அம்மாவிடம் "உங்களோடதே போதும்னு அப்பவே சொன்னேனே" என்று உளறி, அது கிளப்வரை போனதால், என்னை விசாரித்து எழுத உங்களை அனுப்பியிருக்கிறார்கள். மறுத்துப் பேச எனக்குத் தெம்பில்லை. ஆமாம், தெரிந்துதான் கேட்டேன். அவளுடைய முதல் எட்டு எனக்குத் தேவைப்படவில்லை. அவளிடம் இல்லாமலிருந்தால் போதும் என்று இருந்தது.

என் இடம் திரும்பக் கிடைத்தது. கோல் போட்டாலும் அலுப்பாகத்தான் இருக்கிறது. போன ஆட்டம் முடிந்ததும் முட்டிக்கு ஐஸ் வைத்துவிட்டவள் அவள்தான். "பாத்து ஆடுக்கா, என்னுதும் உள்ள இருக்கு," என்று சிரித்தாள்.

ஆனால் நான் அவளை ஆட்டத்திலிருந்து ஒதுக்கிவிட்டதாக நீங்கள் எழுதுவது சரியில்லை. ஒவ்வொரு ஆட்டத்திலும் அவளை இறக்கிக்கொண்டுதான் இருக்கிறேன்.