எங்கள் வீட்டுக்காரரின் காது மிஷின்

காது மிஷினை வெயில் படும்படி வைக்கக் கூடாது, மேடம். ஜன்னலிலிருந்து கொஞ்சம் நகர்த்தி வையுங்கள். காதுக்குள் போகும் அச்சு சூட்டில் வெடித்துவிடும். அது அவர் காதுக்கென்றே வார்த்தது, வேறு யாருக்கும் பொருந்தாது.

அவர் பெயரை நீங்களே எழுதிக்கொண்டீர்கள், கங்கையா என்று. எனக்கு அதை வாயால் சொல்லிப் பழக்கமில்லை. நீங்கள் தெலுங்கில் எழுதுங்கள், நான் தமிழில் சொல்கிறேன்.

நகரியில் விசைத்தறி ஓட்டியே அவர் காது போனது. தறி முதலாளி போட்டிருந்த மிஷின் இது. முதலாளி செத்த பிறகு அவர் வீட்டம்மா இவருக்குக் கொடுத்தார். காது அச்சு மட்டும் இவருக்கென்று புதிதாக வார்த்தோம். என் மகன் காதுக்குப் பின்னால் மாட்டுகிற புது மிஷின் வாங்கி வந்தான்.

"நைனா, இது கண்ணுக்கே தெரியாது."

"கண்ணுக்குத் தெரியாத பொருளு எனுக்கு இன்னாத்துக்கு? பொட்டியே இருக்கட்டும்."

சீட்டுக்கட்டு அளவு இரும்புப் பெட்டி. முன்பக்கம் சல்லடை, அதற்குப் பின்னால் மைக்கு. கீழே பென்சில் பேட்டரி, மேலே சத்தம் கூட்டிக் குறைக்கும் சக்கரம், அதன் பக்கத்தில் நகத்தால் தள்ளக்கூடிய ஒரு விசை. பெட்டியிலிருந்து காதுக்கு ஒயர். கெட்டுப்போனால் திருப்பதிக்கு, இஸ்மாயில் பாயிடம் கொண்டுபோவோம். பெட்டியைத் திறந்துவிட்டால் இவருக்கு ஒன்றும் கேட்காது. அதனால் பாய் எனக்குத்தான் விளக்குவார்.

"பாரும்மா, உங்க வூட்டுக்காரருக்குக் காது நெஞ்சுல கீது. இந்த விசை எம்முனு எழுத்து போட்ட பக்கம் இருந்தா வெளிச் சத்தம் கேக்கும். டி பக்கம் தள்னா மைக்கு செத்துப்பூடும். அந்தக் காலத்து டெலிபோன் கேக்கறதுக்கு வெச்சது அது."

"இப்ப தள்னா?"

"கரண்ட்டுக் கம்பி கிட்ட போனா கொய்னு இரையும். வேற ஒண்ணும் கேக்காது. தொடாம உட்ரு."

தொடாமல்தான் விட்டிருந்தேன். பெட்டி வைக்க அவர் பனியனுக்குள் நானே பை தைத்தேன். தினமும் காலையில் நானே மாட்டிவிடுவேன். "கேக்குதா?" என்பேன். "கேக்குது, கத்தாத" என்பார்.

சாயங்காலம் கழற்றும்போது சக்கரம் எந்த எண்ணில் நிற்கிறது என்று பார்ப்பேன். வீட்டிலேயே இருந்த நாளில் இரண்டில் நிற்கும். யசோதா வீட்டுக்குப் போய்வந்த நாளில் ஐந்தில் நிற்கும். யசோதா தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருப்பவள், புருஷன் இல்லாதவள். எங்கள் தறிக்கு நூல் சுற்றித் தருகிறாள். மூட்டையைச் சுமந்துபோய்க் கொடுப்பது இவர் வேலை.

"எங்கிட்ட ரெண்டு, அவகிட்ட அஞ்சா?" என்று கேட்டேன்.

சிரித்தார். "அவ தொண்டையில ஆபரேசன் ஆனவடி. காத்துதான் வருது. நீ பேசுனா புத்தூர்ல கேக்குது. உனுக்கு ரெண்டே ஜாஸ்தி."

ஆபரேஷன் ஆனது உண்மைதான். தழும்பை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு பொம்பளை மெல்லப் பேசுவதும் ஓர் ஆம்பிளை அதைக் கூட்டி வைத்துக் கேட்பதும் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

ஒருநாள் பின்னாலேயே போய் அவள் வீட்டுச் சுவர் ஓரமாக நின்றேன்.

"அண்ணி எப்டி கீதுண்ணா?" என்றாள். காதைத் தீட்டிக்கொண்டால்தான் கேட்கிறது.

"அதுக்கின்னா, நல்லாத்தான் கீது. அது இல்லாங்காட்டி எனுக்கு யாரு இந்தப் பொட்டிய மாட்டி உடுவாங்க?"

நான் நிற்பது தெரிந்துதான் அப்படிப் பேசியிருக்க வேண்டும். வேறு என்ன காரணம்?

செவ்வாய்க்கிழமை மூட்டை தயாராக இருந்தது.

"டீ குடிச்சுட்டுப் போறேனே."

"தறி நிக்கப்போவுது. வந்து குடிக்கலாம், போ."

மூட்டையைத் தலைக்கு ஏற்றிவிட்டேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். சட்டைப் பொத்தான் திறந்திருந்தது. போடுகிற சாக்கில் உள்ளே கை விட்டு, விசையை டி பக்கம் தள்ளினேன். வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னாமே, கொய்ங்குது?"

தறிப் பக்கம் கை காட்டினேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

ஒரேயடியாகச் சத்தம் நின்றிருந்தால் வாசலிலிருந்தே திரும்பியிருப்பார், மேடம். தெருவில் கரண்ட்டுக் கம்பி, ஸ்டேஷனை ஒட்டி ரயில் கம்பி. மிஷின் இரைந்துகொண்டே இருந்திருக்கும். இரைகிறவரைக்கும் மிஷின் நன்றாக இருக்கிறது என்றுதான் நம்புவார். மூட்டை தலையில் இருந்தால் பக்கவாட்டில் பார்க்க முடியாது. ரயில்வே கேட் தாண்டி எல்லாரும் குறுக்கே போகிற இடத்தில் நின்று, ஹாரன் கேட்கிறதா என்று பார்த்துவிட்டுத் தண்டவாளத்தில் இறங்குவார். அந்த நேரத்தில் நகரியில் நிற்காத எக்ஸ்பிரஸ் ஒன்று போகும். ஊருக்கே தெரிந்த விஷயம் அது, எனக்கு மட்டும் தெரிந்ததல்ல.

ரயில் அடித்ததை விபத்து என்று சொன்னார்கள். நானும் பேசாமல்தான் இருந்தேன். மிஷின் ரிப்பேர் சரியில்லை என்று நேற்று இஸ்மாயில் பாயைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டி வந்து உட்கார வைத்தீர்களாம். அது அநியாயம். அவர் வேலை சுத்தம். ஒருத்தர் செய்ததற்கு இன்னொருத்தர் கஷ்டப்படுவதை நான் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன். அதனால்தான் காலையில் முதல் பஸ் பிடித்து வந்தேன்.

அந்தப் பக்கத்தில் யசோதா நின்றுகொண்டிருந்தாளாம். கேட்காரர் சொன்னார். "ண்ணா, நில்லுண்ணா" என்று தொண்டை கிழியக் கத்தினாளாம். ஊர் பார்க்கும்போது அண்ணா என்று கூப்பிடாமல் வேறு எப்படிக் கூப்பிடுவாள்? கேபினுக்குள் இருந்த கேட்காரருக்கே கேட்டதாம். இவர் அவள் பக்கம் தலையைக்கூடத் தூக்கவில்லையாம். அதைக் கேட்காரரிடம் இரண்டு தடவை கேட்டு உறுதிசெய்துகொண்டேன்.

தள்ளியது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள், மேடம். அவள் குரல் அவர் காதில் விழக் கூடாது என்றுதான் தள்ளினேன். ரயிலைப் பற்றி நான் நினைக்கவே இல்லை.